நெரெய்தாவின் இறந்தகாலம்

மெக்சிகோ நகர நீதித்துறைக்கும், இசையை நேசிக்கும் பொதுமக்களுக்கும், இலக்கணத்தின் மேல் இன்னும் கொஞ்சம் அக்கறை வைத்திருக்கும் எவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், இசைத்தட்டுப் பெட்டிக்குள் செருகியிருக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தை எழுதுவதற்கும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் நான். பெயர் ஃபெர்மின் ஒல்வேரா. வயது அறுபத்திரண்டு. மணமாகவில்லை. உங்கள் தட்டச்சு வேகத்துக்குத் தகுந்த மாதிரி நிதானமாகவே சொல்கிறேன், அம்மா. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. தட்டை எடுக்கும்போது அது மடியில் விழும். பொறுக்கித் திரும்பச் செருகிவிடுவார்கள். என் தொழில் வாழ்க்கை முழுவதும் அதைத்தான் எழுதினேன். ‘வெல்வெட் குரல்’ என்ற பட்டத்தை நான்கு பாடகர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். நால்வரும் தனித்தனியாக வந்து கண் கலங்க நன்றி சொன்னார்கள். ஒருவரும் அடுத்தவருடைய புத்தகத்தைப் படித்ததில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

‘மகத்தான வெற்றிப் பாடல்கள்’ என்ற தொகுப்பை எங்கள் நிறுவனம் எப்போது வெளியிடும் என்றால், பாடகர் செத்துப்போனால் வெளியிடும். வேறு நிறுவனத்துக்குத் தாவினால் வெளியிடும். பாடுவதை நிறுத்திவிட்டாலும் வெளியிடும். நிறுவனத்தின் பார்வையில் மூன்றும் ஒன்றுதான். நெரெய்தா புஸ்தமாந்தே மூன்றாவது வகை. ஒரு காலத்தில் டிஜுவானாவிலிருந்து புவெனஸ் ஐரிஸ் வரை அவள் பாப் பாட்டுக்கு ஆடாத கல்யாணம் கிடையாது. பிறகு தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை. பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அவளை எல்லோரும் மறந்திருந்தபோது, கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஏதாவது வேண்டும் என்று நிறுவன இயக்குநர் ஒரோஸ்கோ அவளைக் கிடங்கிலிருந்து எடுத்தார்.

தகவல் திரட்ட அவள் வீட்டுக்குப் போனேன். நார்வார்த்தே பகுதியில், மருந்துக்கடைக்குப் பின்புறம், கீழ்த்தளம். அது ஒரு வியாழக்கிழமை. எனக்கு வேண்டியதெல்லாம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. வெராக்ரூஸ் துறைமுகத்தில் பிறப்பு, பதினாறு வயதில் வானொலி, இரண்டு கணவர்கள், இருவருமே டிரம்ஸ் வாசிப்பவர்கள். ஆனால் ஒரு பாடகியின் வாழ்க்கை ஒரே மாலையில் தீர்ந்துபோவது அவளுக்கு மரியாதையாக இருக்காது என்று நினைத்து, இன்னும் சில விவரங்கள் பாக்கி இருப்பதாகச் சொன்னேன். அந்தப் பாக்கி, வியாழக்கிழமை தவறாமல், இரண்டு வருஷம் நீடித்தது. புத்தகம் மொத்தமே எட்டுப் பக்கம்.

“இன்னிக்கு என்ன வாத்தியாரே பாக்கி?” என்று கதவைத் திறந்ததும் கேட்பாள்.

“மொத மேடையில என்ன கலர் செருப்பு போட்டிருந்தீங்கன்னு கேக்க மறந்துட்டேன்.”

“அடப்பாவமே. நாடே இதத் தெரிஞ்சுக்காம தூக்கமில்லாமக் கெடக்குது. பெத்ரா, வாத்தியாருக்கு சாக்லேட் போடு.”

பெத்ரா வீட்டு வேலைக்காரி. அவள் சாக்லேட்டை நுரைக்க அடித்துக் கொண்டுவருவாள். கூடவே மேலே சர்க்கரை ஓடு வைத்த இனிப்பு ரொட்டி. மூவரும் சமையலறையில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்ப்போம். தொடரில் யார் யாருக்குப் பிறந்தவர்கள் என்பதில் நெரெய்தாவுக்கும் பெத்ராவுக்கும் வாராவாரம் சண்டை. தீர்ப்பு சொல்ல வேண்டியவன் நான். நான் எப்போதும் பெத்ரா பக்கம் சொல்வேன். நெரெய்தா ரொட்டித் துணுக்கை என் மேல் எறிவாள்.

வாத்தியார் என்ற பட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் இசைக்குழுவை நடத்துபவரும் வாத்தியார், டாக்சி ஓட்டுபவரும் வாத்தியார். ஒரு தடவை பாய்லரைப் பழுது பார்க்க ஓர் ஆள் வந்திருந்தார். நெரெய்தா உள்ளேயிருந்து, “வாத்தியாரே, கொஞ்சம் இங்க வாங்க,” என்று கூப்பிட்டாள். நாங்கள் இருவருமே எழுந்தோம். அவள் எட்டிப் பார்த்து, “ஒழுகறத நிறுத்தற வாத்தியாரு வாங்க. கண்ணீர ஒழுக விடற வாத்தியாரு உக்காருங்க,” என்றாள். பெத்ரா சிரித்துச் சிரித்துப் பாலைப் பொங்க விட்டாள். எனக்கு வருத்தம் இல்லை. என்னை வைத்து ஒரு வீட்டில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஆள்தான் எச்சரித்தார். குளிக்க வெந்நீர் போடும் அந்த எரிவாயு பாய்லர் சமையலறையிலேயே இருந்தது, குளியலறையும் அதை ஒட்டியே. பாய்லர் எரியும்போது சமையலறைச் சன்னல் ஒரு கை அகலமாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷவாயு சேர்ந்து, தூங்குகிற மாதிரியே போய்விடுவீர்கள் என்றார். அதிலிருந்து அந்த வீட்டில் புதிய சண்டை ஒன்று சேர்ந்தது. பெத்ரா திறப்பாள். நெரெய்தா சாத்துவாள். குளிர்காற்று பட்டால் தொண்டை போகும், வாய் கோணும் என்று பாடகிகள் எல்லோருக்கும் பயம். பாடாத பாடகிக்கும் அந்தப் பயம் போவதில்லை.

என் அறை போர்த்தாலெஸ் பகுதியில். ஒரு மேசை, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலிக்கு அதுவரை அவசியம் வந்ததில்லை.

புத்தகத்தை எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் வாக்கியம் இது: ‘நெரெய்தா புஸ்தமாந்தே ஒரு தலைமுறையின் பெருமூச்சாக இருந்தாள்.’

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “இருந்தாளா? ஏன் வாத்தியாரே, நான் செத்துட்டேனா? பெத்ரா, என் கையப் புடிச்சுப் பாரு, நாடி ஓடுதா?”

“கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுது,” என்றாள் பெத்ரா.

பாடகி வேறு, ஆள் வேறு என்று விளக்கினேன். பாடகியின் காலம் முடிந்தது, முடிந்ததைச் சொல்ல இறந்தகாலமே கௌரவம், நிகழ்காலம் சோப்பு விளம்பரத்துக்கு உரியது என்றேன். அவள் கோப்பையை எடுத்து மிச்சச் சாக்லேட்டைக் குடித்தாள். பிறகு, “சரி, இருந்துட்டே போறேன். ஒரு வகையில சௌகரியந்தான், யாரும் பாடச் சொல்ல மாட்டாங்க,” என்றாள். அப்படியே அச்சானது. என் கருத்தில் அது நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம். அதில் பொய் இல்லை.

தொகுப்பு அந்தக் கிறிஸ்துமஸுக்கு விற்கவில்லை. அதற்கடுத்த கோடையில், ஒரு தொலைக்காட்சித் தொடரில் வில்லி மாமனாருக்கு விஷம் கலக்கும் காட்சியில் நெரெய்தாவின் பாட்டு ஒன்றைப் பின்னணியில் போட்டார்கள். மறு வாரமே சுரங்க ரயில் வாசல்களில் திருட்டுப் பிரதி வந்துவிட்டது. இந்த நகரத்தில் புகழுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் அவள் பெயரைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பாட்டுத் தொகுப்பில் ஒரே ஒரு புதிய பாட்டைச் சேர்த்துவிடுவார்கள். பதினைந்து பாட்டையும் ஏற்கெனவே வைத்திருப்பவன் அந்தப் பதினாறாவதுக்காகத் திரும்பவும் வாங்குவான். ஒரோஸ்கோ அதையே செய்தார். இவான் என்ற இளம் இசையமைப்பாளனை நெரெய்தாவிடம் அனுப்பினார். அவன் பாட்டைக் கீழே, அவள் பேசும் சுருதிக்கு இறக்கி எழுதியிருந்தான். ஒரு வியாழக்கிழமை நான் போனபோது சமையலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். பழைய குரல் அல்ல. அடித்தொண்டையில், சரளைக்கல் மேல் வண்டி உருள்கிற மாதிரி. மோசமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முயன்றேன். மோசமாக இல்லை. பெத்ரா அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு யாரும் தொடர் பார்க்கவில்லை.

அந்த ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வளைய ரொட்டி வெட்டினோம். வழக்கம் உங்களுக்கே தெரியும். ரொட்டிக்குள் ஒளித்த குழந்தைப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி மற்றவர்களைக் கூப்பிட்டுச் சோள மாவுத் தமால் அவித்துப் போட வேண்டும். செலவுக்குப் பயந்து பொம்மையை விழுங்கிவிடுகிறவர்கள்கூட உண்டு. பொம்மை என் துண்டில் வந்தது. நேர்மையாகச் சொன்னால், வெட்டும்போதே அதன் கால் வெளியே தெரிந்தது. அந்தத் துண்டைத்தான் நான் கேட்டு வாங்கினேன்.

“மாட்டுனாருடா வாத்தியாரு,” என்று நெரெய்தா கை தட்டினாள். “தமால் கல்லு மாதிரி இருந்தா உங்க தலையிலயே போட்டு ஒடைப்பேன்.”

மறுநாள் தமால் அவிக்கும் பானை வாங்கினேன். சோள மாவைப் பன்றிக்கொழுப்போடு எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும், தோகையை எப்போது ஊறப்போட வேண்டும் என்று சந்தையில் ஒரு பெண்மணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு நாற்காலிகள் வாங்கினேன். கடைக்காரர் நான்காக வாங்கினால் மலிவு என்றார். இரண்டு போதும் என்றேன். அவற்றை மேசையைச் சுற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். நெரெய்தாவுக்குச் சன்னலிலிருந்து தள்ளியிருக்கும் நாற்காலியை ஒதுக்கினேன். காற்று படக் கூடாது அல்லவா.

ஜனவரியின் கடைசி வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

பெத்ரா பல் வைத்தியரிடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் துணி கட்டியிருந்தாள். “சன்னலத் தொறந்து வெச்சிருக்கேன். சாத்தாதீங்கம்மா, பாய்லர் எரியுது,” என்றாள்.

“காத்து வந்து என் கழுத்தப் புடிச்சா ஸ்டுடியோவுல நீதான் வந்து பாடணும்.”

“பாடிட்டாப் போச்சு. கொரங்கு கத்தினாலும் இப்ப உங்க பேருக்கு விக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெரெய்தா சிரித்து முடித்து என் பக்கம் திரும்பினாள். “வாத்தியாரே, கோச்சுக்கக் கூடாது. தமால் சாப்பிட வர முடியாது போல இருக்கு. அன்னிக்குத்தான் ரெக்கார்டிங் வெச்சிருக்காங்க.”

“பானை வாங்கிட்டேன்,” என்றேன்.

“பானை எங்க ஓடப் போவுது? அடுத்த வருஷம் சாப்பிட்டாப் போச்சு. அப்புறம், இனிமே வியாழக்கெழமையெல்லாம் ஒத்திகை. ரெக்கார்டிங் முடிஞ்சா மோந்தெர்ரேய், அப்புறம் பொகோட்டா, இவான் என்னென்னமோ சொல்றான். நாம போன்ல பேசிக்கலாம்.” என் புத்தகத்தின் எட்டுப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். முதல் வரியில் ‘இருந்தாள்’ என்பதைப் புருவம் தீட்டும் பென்சிலால் அடித்து, மேலே ‘இருக்கிறாள்’ என்று எழுதியிருந்தாள். “இத மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. ஒரே ஒரு சொல்லுதானே.”

ஒரு சொல் அல்ல என்று விளக்கினேன். முதல் வினைச்சொல்லில்தான் எட்டுப் பக்கமும் மாட்டித் தொங்குகிறது. ‘இருக்கிறாள்’ என்று தொடங்கினால், பிறகு வரும் கண்ணீர், மௌனம், அந்திச் சூரியன் எல்லாமே பொருளில்லாமல் போய்விடும். அவள் கொட்டாவி விட்டாள்.

“அப்ப எட்டுப் பக்கத்தையும் மாத்துங்க. இல்லன்னா விடுங்க, இவானுக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி எழுதித் தர்றாளாம். உங்களுக்கும் வயசாவுது, எதுக்கு செரமம்?”

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். குளிக்கத் துண்டை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் என் தோளைத் தட்டினாள். ஐந்து மணிக்கு இவான் வண்டி கொண்டுவருவான், தலை அலச வேண்டும், “நீங்க கெளம்பறப்ப கதவ இழுத்து சாத்திட்டுப் போங்க,” என்றாள். குளியலறைக்குள் போனதும் பாட ஆரம்பித்தாள்.

கதவைச் சாத்தச் சொன்னாள். சன்னலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது திறந்திருந்தது, குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரப் போகிற பாடகிக்கு அது நல்லதல்ல. சன்னலைச் சாத்தினேன். கொக்கி தளர்ந்திருந்ததால் திரும்பத் திறந்துகொண்டது. கையிலிருந்த எட்டுப் பக்கத்தையும் மடித்து இடுக்கில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. பாய்லர் நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

கோப்பைகளைக் கழுவி வைத்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன். நடைபாதையில் நின்றபோதும் பாட்டு கேட்டது, அந்தப் பதினாறாவது பாட்டு. அது நிற்கும் வரை நான் நிற்கவில்லை. அப்படி நின்று கேட்பது நாகரிகமல்ல.

இவான் வந்து மணி அடித்திருக்கிறான். திறக்கவில்லை என்றதும், கிழவி பயந்து பின்வாங்கிவிட்டாள் என்று நினைத்துப் போய்விட்டான். பெத்ராதான் திரும்பி வந்து, அவள் குளியலறையில் இறந்து கிடந்ததைப் பார்த்தாள். போலீஸ் அதிகம் சிரமப்படவில்லை. சன்னல் இடுக்கில் காகிதம் திணித்திருந்ததையும், பாடகிகள் குளிர்காற்றுக்குப் பயப்படுவதையும் சேர்த்துப் பார்த்து, அவளே அடைத்துக்கொண்டாள் என்று முடிவு செய்தார்கள். நாளிதழ்களிலும் அப்படியே வந்தது. காகிதம் என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிப்ரவரி இரண்டாம் தேதி தமால் அவித்தேன். பொம்மை கிடைத்தவன் கடமை அது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பெத்ரா வந்திருந்தாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவளுக்கு ஒதுக்கியிருந்த நாற்காலியிலேயே, நான் காட்டாமலே, உட்கார்ந்தாள்.

“நான் தொறந்து வெச்சுட்டுத்தானே போனேன் வாத்தியாரே? நீங்களும் பாத்தீங்கல்ல? நெரெய்தாம்மாவோட தம்பி ஊர்லருந்து வந்து என்னைய வீட்ட விட்டுத் தொரத்திட்டாரு. நாந்தான் சாத்திட்டுப் போயிட்டு பொய் சொல்றேங்கறாரு. பல்லு வலியில எனக்கே இப்ப எதுவும் ஞாபகம் நிக்கல. நாந்தான் சாத்திட்டேனோ?”

அவள் தட்டில் இன்னொரு தமால் வைத்தேன். பல் வலியில் மறதி வருவது இயற்கை, அதற்காக உங்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது என்றேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தமால் நன்றாக வந்திருந்தது. மாவு தோகையில் ஒட்டாமல் வந்தது. அடுத்த வியாழக்கிழமையும் வாருங்கள் என்று கேட்டேன். அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

இத்தனை மாதம் கழித்து இங்கே ஏன் வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். அது தவறான தகவல்.

அடக்கத்தன்றே தொடங்கிவிட்டது. கல்லறை வரை ஜனங்கள் ‘நெரெய்தா வாழ்கிறாள்’ என்று கத்திக்கொண்டு வந்தார்கள். பிறகு சுவர்களில் எழுதினார்கள். வானொலியில் ‘நம்மோடு இருக்கிறாள்’ என்றார்கள். பாடாமல் உயிரோடு இருந்த பத்து வருஷம் அவளைப் பற்றி எந்தக் காலத்திலும் பேசாத நாடு, செத்த மறுநாளிலிருந்து நிகழ்காலத்தில் பேச ஆரம்பித்தது. போகட்டும், ஜனங்கள் இலக்கணம் படித்தவர்கள் அல்ல, அச்சில் இருப்பதுதான் நிற்கும் என்று பொறுத்திருந்தேன். என் வாக்கியத்தில் இப்போது யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

போன வாரம் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு வந்தது. வீட்டில் ஒத்திகைக்காக இவான் பதிந்து வைத்திருந்ததையே பதினாறாவது பாட்டாகச் சேர்த்திருந்தார்கள். புத்தகத்தைத் திறந்தேன். எட்டுப் பக்கத்தையும் ஒரு தொலைக்காட்சி அறிவிப்பாளர் எழுதியிருந்தார். முதல் வாக்கியம்: ‘நெரெய்தா இருக்கிறாள்.’ அவ்வளவுதான். பெருமூச்சுகூட இல்லை.

நேராக ஒரோஸ்கோவிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“செத்தவங்கள யாராச்சும் இறந்தகாலத்துல எழுதுவாங்களா வாத்தியாரே? அது உசுரோட இருக்கறவங்களுக்கு. செத்தவங்க இருக்கணும். இருந்தாத்தானே விக்கும்? போய் ரெஸ்ட் எடுங்க.”

ஆகவே இங்கே வந்தேன். அரசாங்க முத்திரை விழும் ஒரு காகிதத்திலாவது அது சரியாகப் பதிவாக வேண்டும். அவள் வாழவில்லை, இருக்கவும் இல்லை, இருந்தாள். அதற்கு நான் பொறுப்பு. இதை நீங்கள் எழுதும்போது வினைச்சொல்லை மட்டும் தயவுசெய்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெத்ராவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவள் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாள். அதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், வழக்குக்கு உதவுமென்றால்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? சரி.

என்னைக் காவலில் வைத்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்கள். சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. பரவாயில்லை, யாராவது ஒருவர் பெயர் இருந்தாக வேண்டும் என்றால், ஒரு தொலைபேசி எண் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நார்வார்த்தே எண். மணி நிறைய நேரம் அடிக்க விட வேண்டும், தொலைக்காட்சிச் சத்தத்தில் சட்டென்று கேட்காது. நெரெய்தாதான் எடுப்பாள். இன்றைக்கு வியாழக்கிழமை. வீட்டில்தான் இருக்கிறாள்.